இல்லப் புழங்குபொருள்களும் கைவினையறிவும்: காகிதக்கூழ்க் கூடையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் வாழ்வியலில் தொழில்முறைக் கைவினைகள் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. ஆயின், வீட்டிலேயே கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டு வீட்டாரே தம் தேவைக்குச் செய்துகொள்ளும் இல்லக் கைவினைகள் போதிய கவனம் பெறவில்லை. பழந்தாளையும் வெந்தயத்தையும் அரைத்துச் செய்யப்படும் காகிதக்கூழ்க் கூடையை மையமாகக் கொண்டு, அதன் செய்முறையையும் ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய காரணத்தையும் பயன்பாட்டு வரம்பையும் இக்கட்டுரை விளக்குகின்றது. முறம் மெழுகுதல், புரிமணை, சும்மாடு, நுங்கு வண்டி ஆகியவை ஒப்பீட்டுச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இல்லக் கைவினை என்பது பொழுதுபோக்கு அன்று. பொருளின் இயல்பை அறிந்த ஓர் அறிவுமரபு என்பது கட்டுரையின் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: இல்லக் கைவினை, புழங்குபொருள் பண்பாடு, காகிதக்கூழ், வெந்தயம், முறம், புரிமணை, மரபறிவு.

முன்னுரை

ஒரு சமூகத்தின் புழங்குபொருள்களை ஆராய்வோர் பெரும்பாலும் குயவர், தச்சர், கொல்லர், நெசவாளர், மூங்கில் வினைஞர் ஆகியோரின் படைப்புகளையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். அவை விலைக்கு விற்கப்பட்டவை. பெயர்பெற்ற ஊர்களோடு தொடர்புடையவை. கலையரங்குகளிலும் அருங்காட்சியகங்களிலும் இடம்பெறுபவை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் செட்டிநாட்டுக் கொட்டானும் புதுச்சேரிப் பகுதியின் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றிருப்பது இதற்குச் சான்றாகும்.

இவற்றுக்கு அப்பால் மற்றொரு கைவினை உலகம் உண்டு. அங்குச் செய்பவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே. பொருளுக்கு விலை இல்லை. செய்தவருக்குப் பெயர் இல்லை. பழுதடைந்தால் அப்பொருள் அடுப்புக்கோ எருக்குழிக்கோ சென்றுவிடும். ஆதலால் அருங்காட்சியகத்தில் வைப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. அப்பொருளைச் செய்த கை ஓய்ந்துவிட்டால், அதன் அறிவும் உடன் மறைகின்றது. இவ்வறிவைப் பதிவுசெய்ய வேண்டிய தேவை இங்கிருந்தே எழுகின்றது. அப்பதிவும் ‘இன்ன பொருளைச் செய்தனர்’ என்னும் அளவில் நின்றுவிடாமல், ‘ஏன் இவ்வாறு செய்தனர்’ என்னும் வினாவுக்கும் விடை காண வேண்டும். அந்நோக்கில் இக்கட்டுரை விளக்கமுறைத் திறனாய்வை மேற்கொள்கின்றது.

1. சங்க இலக்கியத்தில் இருவகைக் கைவினை

தொழில்முறைக் கைவினைக்கும் இல்லக் கைவினைக்கும் இடையிலான வேறுபாடு சங்க இலக்கியத்திலேயே காணக் கிடைக்கின்றது. குறுந்தொகையின் 61ஆம் பாடல் தச்சன் செய்த சிறுதேரைப் பேசுகின்றது. ஏறி ஊர்ந்து செல்லாவிடினும் அதனைக் கையால் இழுத்துச் சிறுவர் இன்புறுவர் என்பது அப்பாடலின் உவமை. பெரும்பாணாற்றுப்படையும் தச்சர் செய்த விளையாட்டுத் தேரைக் குறிப்பிடுகின்றது. பட்டினப்பாலையில் குதிரையின்றிச் சிறுவர் ஓட்டும் முக்காற் சிறுதேர், கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணியால் வழி தடைபடுகின்றது. இவற்றுள் முதலிரண்டும் கைவினைஞரின் படைப்புகள் என்பது வெளிப்படை.

இதற்கு மறுதலையாக நிற்பது பைஞ்சாய்ப் பாவை. கோரைப் புல்லால் செய்யப்பட்ட இப்பாவையை ஐங்குறுநூற்றின் 155ஆம் பாடலில் பெண்ணொருத்தி தான் ஈன்ற மகவாகவே சொல்கின்றாள். குறுந்தொகையின் 276ஆம் பாடலில் தலைவன், பாவை செய்ததையும் பஞ்சாய்க்கோரை வளரும் பள்ளத்தைச் சுற்றி வந்ததையும் அடுத்தடுத்துக் கூறுகின்றான். பாவை செய்தலும் அதற்குரிய புல் விளையும் இடத்தை அறிதலும் ஒரே மூச்சில் பேசப்படுவது கருதத்தக்கது. தச்சனின் தேரில் மரம் எங்கிருந்து வந்தது என்பது சிறுவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கோரைப் பாவையிலோ பொருள் எங்கு உள்ளது, எப்போது பறிக்க வேண்டும், எவ்வாறு வளையும் என்பவற்றைச் செய்பவரே அறிந்திருக்க வேண்டும். இல்லக் கைவினையின் அடிப்படை இலக்கணம் இதுவே எனலாம்.

2. முறம் மெழுகுதல்: ஒரு முன்வடிவம்

தொழில்முறைக் கைவினையும் இல்லக் கைவினையும் சந்திக்கும் இடமாக முறத்தைக் குறிப்பிடலாம். முறத்தை முடைபவர் மூங்கில் வினைஞர். சந்தையில் வாங்கிய புதுமுறத்தை அப்படியே புழங்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்ததில்லை. மூங்கில் சிம்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக நொய்யும் மாவும் கசியும். சிம்பின் முனை கையைக் கிழிக்கும். ஆகவே ஊறவைத்த வெந்தயத்தை அரைத்து, அதனுடன் ஊறிய தாளையும் கலந்து முறத்தின் மீது மெழுகி வெயிலில் உலர்த்துவர். சாணம் கொண்டு மெழுகும் வழக்கமும் உண்டு. மெழுகிய முறம் இடைவெளி அடைபட்டு, வழவழப்பாகி, நெடுநாள் உழைக்கும்.

முறத்தில் மெழுகுபொருளாக இருந்த கலவையே கூடையில் முழு உடலாக மாறுகின்றது. மூங்கில் என்னும் தாங்கு சட்டகத்தை நீக்கி, கலவையைத் தனித்து நிற்கச் செய்தால் அதுவே காகிதக்கூழ்க் கூடை. இம்மாற்றத்திற்கு வீட்டில் பழந்தாள் மிகுதியாகச் சேர்வது முன்தேவை. சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாக மாறியதும், தினத்தந்தி 1942இல் மதுரையில் தொடங்கப்பெற்றதும், பள்ளிக் கல்வியின் பரவலால் குறிப்பேடுகள் இல்லந்தோறும் குவிந்ததும் தாளை அன்றாடப் பொருளாக்கின. ஆகவே காகிதக்கூழ்க் கூடையின் பரவலை இருபதாம் நூற்றாண்டுக்கு உரியதாகவும், அதன் நுட்பத்தை அதனினும் பழையதாகவும் கொள்வது பொருந்தும். புதிய பொருள் வீட்டுக்குள் நுழைந்தபோது, பழைய நுட்பம் அதனைத் தன்வயப்படுத்திக்கொண்டது என்பதே இங்கு நாம் காணும் பண்பாட்டு நிகழ்வு.

3. காகிதக்கூழ்க் கூடை: செய்முறையும் காரணமும்

3.1 தாள் தெரிவு

எல்லாத் தாளும் கூழுக்கு ஏற்றதன்று. தாளின் வலிமை அதிலுள்ள தாவர நாரின் நீளத்தைப் பொறுத்தது. செய்தித்தாள் பெரும்பாலும் எந்திரத்தால் அரைக்கப்பட்ட மரக்கூழிலிருந்து உருவாவதால் எளிதில் கரைந்து மென்மையான கூழாகும். ஆயின் அதன் நார் வலிமை குறைந்தது. எழுதும் குறிப்பேட்டுத் தாள் ஊற நேரம் எடுக்கும். ஆனால் உறுதி தரும். கரூர் மாவட்டத்தில் 1979இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் உற்பத்தி செய்வதால், நாம் பயன்படுத்தும் தாள்களில் மரநாரோடு கரும்பு நாரும் உண்டு. வழவழப்பான வண்ண இதழ்த்தாளில் வெண்களிமண் போன்ற பூச்சுப்பொருள்கள் மிகுதி. அவை நாரோடு நார் பிணைவதைத் தடுப்பதால் கூடை உதிரும். ஆகவே செய்தித்தாளும் குறிப்பேட்டுத் தாளும் சம அளவில் கலப்பது நலம். தைப்புக் கம்பிகளையும் நெகிழி ஒட்டிய அட்டைகளையும் முதலிலேயே நீக்கிவிட வேண்டும்.

3.2 ஊறவைத்தலும் அரைத்தலும்

தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிப்பதே மரபு. இது சோம்பலால் வந்த வழக்கமன்று. வெட்டும்போது நார் துண்டுபடும். கிழிக்கும்போது நார் பிரிந்து ஓரத்தில் நீண்டு நிற்கும். கிழித்த தாளை இரண்டு அல்லது மூன்று நாள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றுதல் வேண்டும். நீர் மாற்றாவிடில் நாற்றம் எழும். மையும் முழுமையாக வெளியேறாது.

வெந்தயத்தைத் தனியே ஓரிரவு ஊறவைக்க வேண்டும். ஒரு கிலோ உலர்ந்த தாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் வெந்தயம் போதும். இவ்வளவு வீட்டுக்கு வீடு மாறுபடும். வெந்தய விதையில் காலக்டோமன்னன் எனப்படும் கோந்துத்தன்மையுடைய பல்சர்க்கரைப் பொருள் உள்ளது. நீரில் பருத்துக் குழம்பாகும் இப்பொருள் தாள் நார்களுக்கு இடையே புகுந்து, உலரும்போது அவற்றை இறுகப் பிணைக்கின்றது. மைதாப் பசையும் இவ்வாறு ஒட்டும். ஆயின் அதனைப் பூச்சிகள் விரும்பி உண்ணும். அதனாலன்றோ நூற்கட்டுநர் தம் பசையில் மயில்துத்தம் சேர்க்கின்றனர்! நஞ்சாகிய மயில்துத்தத்தை வீட்டுக் கலத்தில் சேர்க்க இயலாது. கசப்புடைய வெந்தயம் சமையலறையிலேயே உள்ளது, உண்ணத்தக்கது, ஒட்டவும் செய்வது. இம்மூன்று தகுதியும் ஒருங்கே அமைந்தமையே அதன் தெரிவுக்குக் காரணம் எனலாம்.

ஊறிய தாளைப் பிழிந்து, உரலில் இடித்தோ ஆட்டுக்கல்லில் அரைத்தோ கூழாக்குவர். மின்னரைவையில் அரைப்போர் சிறிது சிறிதாக, மிகுந்த நீர்விட்டு அரைத்து, பின் வடித்தல் வேண்டும். கெட்டியாக அரைத்தால் எந்திரம் சூடேறிப் பழுதாகும். வெந்தய விழுதைத் தாள்கூழுடன் சேர்த்துப் பிசைந்தால், சப்பாத்தி மாவைப் போலக் கையில் ஒட்டாமல் திரளும் பதம் வரும். உருண்டையைக் கையில் அழுத்தினால் நீர் சொட்டக்கூடாது. விளிம்பில் வெடிக்கவும் கூடாது. இதுவே சரியான பதம்.

3.3 அச்சில் படிதல்

கூடைக்கு அச்சாக அமைவது வீட்டுப் பாத்திரமே. வாய் அகன்று அடி குறுகிய கலத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணியை விரித்து, கூழை அடியிலிருந்து விளிம்பு நோக்கிக் கைவிரலால் அப்பிக்கொண்டு வருவர். கலத்தின் உட்புறத்தில் அப்பாமல் வெளிப்புறத்தில் அப்புவதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, வெளிப்புறத்தில் காற்றும் வெயிலும் நேரே படுவதால் விரைவில் உலரும். இரண்டாவது, உட்புறத்தில் ஈரக்கூழ் தன் எடையால் சரிந்து அடியில் தேங்கும். வெளிப்புறத்தில் கலமே அதனைத் தாங்கி நிற்கும்.

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. கூழ் உலரும்போது சுருங்கும். உள்ளே உள்ள கலமோ சுருங்காது. ஆகவே முழுவதும் உலரும்வரை கலத்திலேயே விட்டுவைத்தால் கூடை வெடிக்கும். அரைப்பதம் உலர்ந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும் நிலையில் துணியோடு மெல்ல உயர்த்தி எடுத்துவிட வேண்டும். அடி குறுகிய கலத்தைத் தெரிவதன் பயன் இங்குத்தான் விளங்கும். கழுத்து ஒடுங்கிய குடத்தின் மீது முழுதும் அப்பினால் கூடையை உடைத்தாலன்றி எடுக்க இயலாது.

கூழின் கனம் எங்கும் ஏறக்குறைய அரை சென்டிமீட்டராக இருத்தல் நன்று. அடியும் விளிம்பும் சற்றுத் தடித்திருக்கலாம். அப்பியபின் கரண்டியின் புறப்பகுதியால் அழுத்தித் தேய்ப்பர். இது வெறும் அழகுக்காக அன்று. அழுத்தம் நீரை வெளியேற்றி நார்களை நெருக்குகின்றது. நெருங்கிய நார்கள் உலரும்போது அவற்றுக்கிடையே ஐதரசன் பிணைப்புகள் மிகுந்து கூடை வலுப்பெறுகின்றது. ஆலையில் உருளைகள் தாளுக்குச் செய்வதைக் கரண்டி கூடைக்குச் செய்கின்றது.

3.4 உலர்த்தலும் மெருகும்

முதல் நாள் நிழலிலும், அடுத்த நாள்களில் வெயிலிலும் உலர்த்துதல் முறை. தொடக்கத்திலேயே கடும்வெயிலில் வைத்தால் வெளிப்பரப்பு முந்தி இறுகி, உட்பகுதி பின் சுருங்கும்போது கூடை கோணும். இக்கைவினை சித்திரை, வைகாசி மாதங்களில் நிகழ்வதற்குக் காரணமும் இதுவே. மொட்டைமாடியில் வடகமும் வற்றலும் காயும் அதே காலத்தில், பள்ளி விடுமுறையில் உள்ள சிறுவர் உதவ, ஆண்டு முழுவதும் சேர்ந்த குறிப்பேடுகள் கூடையாகின்றன. பருவம், ஓய்வு, மூலப்பொருள் ஆகிய மூன்றும் ஒரு புள்ளியில் கூடுவதை இங்குக் காணலாம்.

உலர்ந்த கூடையின் மேல் நீர்த்த வெந்தயக் குழம்பையோ புளியங்கொட்டைப் பசையையோ பூசுவர். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் இப்பசை கிடைக்கும். நெசவுத் தொழிலில் பாவுக்குக் கஞ்சியிடவும் புளியங்கொட்டை மாவு பயன்படுவது இதன் பிணைப்புத் திறனைக் காட்டும். இறுதியில் மஞ்சள், செங்காவி, சுண்ணாம்பு ஆகியவற்றால் வண்ணமிட்டுப் புள்ளிக் கோலமோ கொடியோ வரைவர்.

4. பிழைகளும் திருத்தங்களும்

கூடை உதிர்ந்தால் கூழ் போதிய அளவு அரைபடவில்லை அல்லது பசை குறைவு என்று பொருள். உலரும்போது பூசணம் படர்ந்தால் கனம் மிகுதி அல்லது ஈரக்காற்று காரணம். மேற்பரப்பைத் துடைத்து வெயிலில் இடலாம். ஆழமாகப் படர்ந்துவிட்டால் அதனைக் கைவிடுவதே நலம். வெடிப்பு ஏற்பட்டால் அவ்விடத்தை நீர் தொட்டு நனைத்து, எஞ்சிய கூழை அதில் அழுத்தி மீண்டும் உலர்த்த வேண்டும். நனைக்காமல் ஒட்டினால் புதுக்கூழின் ஈரத்தைப் பழைய பகுதி உறிஞ்சிக்கொள்ள, ஒட்டு பிடிக்காது பிரியும். முற்றிலும் சிதைந்த கூடையையும் வீணென்று கருத வேண்டியதில்லை. அதனை மீண்டும் ஊறவைத்தால் கூழாகும். தோல்வி மூலப்பொருளை அழிக்காது என்பது கற்போர்க்கு இக்கைவினை தரும் பெரும் சலுகை.

5. பயன்பாட்டு வரம்பு

மரபாக இக்கூடைகளில் உலர்ந்த மிளகாய், வற்றல், தானியம் முதலியன வைக்கப்பட்டன. இன்று இவ்வழக்கை மறுஆய்வுக்கு உட்படுத்துதல் வேண்டும். அச்சு மையில் உடலுக்குத் தீங்கான வேதிப்பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால், 2018ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பொதியல் ஒழுங்குமுறைகள் செய்தித்தாளில் உணவைப் பொதிவதையும் வைப்பதையும் தடைசெய்துள்ளன. ஊறல் நீரை மாற்றுவதால் மை குறையுமேயன்றி முற்றும் நீங்காது. எனவே அச்சிட்ட தாளாலான கூடையை நூற்கண்டு, பொத்தான், சோழி, எழுதுகோல், துணிமணி ஆகியவற்றுக்குப் பயன்படுத்துவதே பொருத்தம். உணவுப்பொருள் வைக்கக் கருதுவோர் பனையோலைக் கொட்டானை நாடலாம்.

மரபறிவைப் போற்றுதல் என்பது அதனை அப்படியே மீளச் செய்தல் அன்று. வெந்தயத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் தீங்கற்றதை நாடியே தெரிந்தெடுத்தனர். அதே அளவுகோலை இன்று தாளுக்கும் பொருத்துவது அம்மரபுக்கு முரணாகாது, அதன் தொடர்ச்சியேயாகும்.

6. ஒப்பீட்டுச் சான்றுகள்

இதே அறிவு பிற இல்லக் கைவினைகளிலும் வெளிப்படுகின்றது. உருண்ட அடியுடைய மண்பானை தரையில் நிலைத்து நில்லாது. அதற்கு வைக்கோலைப் புரியாகத் திரித்து வளையமாகச் சுற்றினால் புரிமணை ஆகின்றது. பழஞ்சேலைத் துணியை முறுக்கி வளையமாக்கினால் அதுவே தலைச்சுமைக்குரிய சும்மாடு. இரண்டும் ஒரே வடிவுடையவை. ஒன்று தரைக்கும் பானைக்கும் இடையிலும், மற்றொன்று தலைக்கும் சுமைக்கும் இடையிலும் அமைகின்றது. எடையை ஒரு புள்ளியில் குவியவிடாமல் வளையம் முழுவதும் பரப்புதலே இரண்டின் செயல். பானைக்கு விறைப்பான வைக்கோலும் தலைக்கு மென்மையான துணியும் தெரிந்தெடுக்கப்பட்டமை பொருளறிவின் நுட்பத்தைக் காட்டும்.

சிறுவர் தாமே செய்யும் நுங்கு வண்டியும் இவ்வகையினதே. நுங்கெடுத்த இரு பனங்காய்க் கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்துச் சக்கரமாக்கி, நீண்ட கவைக்குச்சியால் தள்ளி ஓட்டுவர். இணைக்கும் குச்சி நடுவில் செருகப்படாவிடில் வண்டி தத்தித் தத்திச் செல்லும். அச்சு மையத்தில் அமைய வேண்டும் என்னும் இயந்திரவியல் விதியைச் சிறுவன் பாடநூலுக்கு முன்னரே தெருவில் கற்கின்றான்.

7. வகுப்பறைக் கைவினையும் இல்லக் கைவினையும்

இன்று கைவினை என்பது பள்ளியின் செயல்திட்டப் பணியாகச் சுருங்கிவருகின்றது. ‘பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்’ என்னும் தலைப்பில் ஒப்படைப்பு தரப்பட, அதற்கென்றே தெர்மாகோல், மினுக்குத் தாள், பசைக்குழல் ஆகியன புதிதாக விலைக்கு வாங்கப்படுகின்றன. மதிப்பெண் பெற்ற பின்னர் அப்பொருள் குப்பையைச் சேர்கின்றது. மக்காத குப்பை கூடுதலாக உருவாவதே இதன் நிகர விளைவு. பெற்றோரே இரவு விழித்திருந்து செய்து முடிப்பதும் உண்டு.

இல்லக் கைவினை இதற்கு நேர்மாறானது. அது தேவையிலிருந்து தொடங்குகின்றது. இருப்பதைக் கொண்டு முடிகின்றது. செய்த பொருள் புழக்கத்தில் நிலைக்கின்றது. காகிதக்கூழ்க் கூடையைத் தொடக்கநிலை வகுப்பில் அறிமுகப்படுத்தினால், நாரின் இயல்பு, பசையின் செயல், சுருக்கம், ஆவியாதல் ஆகிய அறிவியல் கருத்துகளை மாணவர் கையால் உணர்வர். வீட்டிலுள்ள முதியோரிடம் பதம் கேட்டு வருமாறு பணித்தால், ஏட்டில் ஏறாத அறிவு ஒரு தலைமுறை கடக்கும். ஆசிரியர் மதிப்பிட வேண்டியது கூடையின் அழகை அன்று. அது மூன்று மாதம் கழித்தும் வீட்டில் புழங்குகின்றதா என்பதையே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

தமிழ் இலக்கியம் கைவினைஞர் செய்த பொருளையும் வீட்டார் செய்த பொருளையும் தொன்றுதொட்டே வேறுபடுத்திக் காட்டியுள்ளது.

காகிதக்கூழ்க் கூடை, முறம் மெழுகும் பழைய நுட்பம் தாள் என்னும் புதிய பொருளைத் தழுவியதால் விளைந்தது எனக் கருத இடமுண்டு.

கிழித்தல், நீர் மாற்றுதல், வெந்தயம் சேர்த்தல், கவிழ்த்த கலத்தில் அப்புதல், அரைப்பதத்தில் எடுத்தல், நிழலில் உலர்த்துதல் என்னும் ஒவ்வொரு படிநிலையும் பொருளின் இயல்பறிந்து அமைக்கப்பட்டது.

அச்சு மையின் தீங்கு கருதி அதன் பயன்பாட்டை உணவல்லாத பொருள்களுக்கு வரையறுத்தல் வேண்டும்.

இவ்வறிவின் காவலர்கள் பெரும்பாலும் இல்லத்துப் பெண்களே. அவர்கள் இதனை அறிவு என்று சொல்லிக்கொண்டதில்லை. ‘கைப்பழக்கம்’ என்றே சொல்லினர். அவ்வடக்கத்தை அறியாமை எனக் கொண்டதனாலேயே நம் ஆய்வுகள் அவர்களைக் கடந்து சென்றன. வட்டாரந்தோறும் வழங்கும் பெயர், அளவு, பதம், பருவம் ஆகியவற்றைச் செய்பவர் வாய்மொழியாகவே தொகுத்தல் இத்துறையில் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். கூடை நலிந்தால் மீண்டும் ஊறவைத்துக் கூழாக்கிக்கொள்ளலாம். பதம் அறிந்த கை மறைந்தால் அதனை மீட்க வழியில்லை.